காற்று போனால் நிற்கணும்!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு விசித்திர ஊர்வலத்தைப் பார்க்கலாம். முன்னால், நம்ம ஊர் ஆம்னி பஸ் சைஸில் ஒரு வண்டி. உள்ளே ஸீட்டுகளுக்குப் பதிலாகக் கட்டில், சோபா, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம்! சக்கரம் வைத்த வீடு. மோட்டார் ஹோம் என்பார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால், தாய்ப்பசுவைத் தொடரும் கன்றுக்குட்டி மாதிரி ஒரு சின்னக் கார், நாலு சக்கரமும் தரையில் உருள, டிரைவரே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்.

எதற்கு இந்தக் கார்? வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பால் பாக்கெட் வாங்கப் போக வேண்டாமா? அதற்குத்தான்.

ரிட்டயர் ஆன தம்பதி ஒன்று இப்படி ஒரு வண்டியில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மலைப்பாதை. பின்னால் பார்க்கும் காமிராவில், கார் சக்கரத்திலிருந்து புகை! ஓரங்கட்டுகிறார்கள். கணவர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். காரின் பிரேக் பிடித்தது பிடித்தபடி இருக்கிறது. விடவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸிலிருந்து காருக்குக் காற்று கொண்டுபோகும் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கிறது. 'இதைக் கழற்றிவிட்டால் பிரேக் விட்டுவிடும். ஊர் போய் மெக்கானிக்கிடம் காட்டிக்கலாம்' என்கிறார் அவர். அந்த அம்மாளுக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை.

யார் சொல்வது சரி?

பதில் சொல்ல, கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரவேண்டும். சுமார் நூற்றைம்பது வருஷச் சுற்று. நடுவில் சில நூறு உயிர்கள் போகின்றன. அந்த ஹோஸுக்குள் இருப்பது வெறும் காற்றுதானே என்று நினைத்தவர்களால் போன உயிர்களும் அதில் உண்டு.

* * *

இன்ஜின் கண்டுபிடித்த மனிதனுக்கு, அதை நிறுத்தும் வழி ரொம்ப காலம் வரை தெரியவில்லை. சும்மா சொல்லவில்லை, நிஜம். 1860-களில் அமெரிக்க ரயில்களை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? டிரைவர் விசில் அடிப்பார். உடனே 'பிரேக்மேன்' என்ற ஆசாமிகள், ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தாவித் தாவி, ஒவ்வொன்றிலும் இருக்கும் இரும்புச் சக்கரத்தைக் கையால் திருகுவார்கள். திருகத் திருக, கீழே பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும். மழை, பனி, நடுராத்திரி... எதுவானாலும் கூரைமேல்தான் டியூட்டி. வழுக்கினால் பெட்டிகளுக்கு நடுவே விழவேண்டியதுதான். விழுந்தார்கள். பெட்டிகளைக் கோக்கும் வேலையும் இவர்கள் தலையில்தான். இரண்டு பெட்டிகள் மோதிச் சேரும் அந்த நொடியில், நடுவே கையை விட்டு ஆணியைச் செருக வேண்டும். பத்து விரலும் முழுசாக இருக்கிற பிரேக்மேனைப் பார்த்தால், 'புதுசா சேர்ந்தியா?' என்று கேட்பார்களாம்.

இந்த லட்சணத்தில் ஒரு ரயில் நிற்க அரை மைல், முக்கால் மைல் ஆகும். எதிரே இன்னொரு ரயில் வருவது கண்ணுக்குத் தெரிந்தாலும் மோதாமல் இருக்க முடியாது. கும்பிட்டுக்கொண்டு குதிக்கலாம். அவ்வளவே.

அப்படி ஒரு மோதல் நடந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் ஓர் இளைஞர். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1846-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறைக்காரர். பையன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதலில் தரைப்படையிலும் பிறகு கடற்படையிலும் இருந்துவிட்டுத் திரும்பியவன். அவன் பயணம் செய்த பாதையில், முன்னால் போன இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதிக் கிடந்தன. சமதரை, நேரான பாதை, பட்டப்பகல். 'ரெண்டு டிரைவரும் பார்த்துட்டாங்களே, அப்புறம் ஏன் மோதினாங்க?' என்று கேட்டிருக்கிறான். 'பார்த்தாங்க. நிறுத்த முடியலை' என்று பதில் வந்தது.

இந்த பதில் அவனைத் தூங்கவிடவில்லை. எல்லாப் பெட்டியின் பிரேக்கையும் டிரைவரே ஒரே இடத்திலிருந்து போட்டால் என்ன? சங்கிலி கோத்துப் பார்த்தான்... ரயில் நீளத்துக்கு ஒத்துவரவில்லை. நீராவியைக் குழாயில் அனுப்பலாமா என்று பார்த்தான்... பின் பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அப்போதுதான் ஒரு பத்திரிகையில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே சுரங்கம் போடும் செய்தியைப் படித்தான். குடையும் இயந்திரங்களை, ஆயிரக்கணக்கான அடி தூரத்திலிருந்து குழாய் வழியே வரும் அழுத்தக் காற்று இயக்குகிறது என்று போட்டிருந்தார்கள். அட! மலைக்குள் அவ்வளவு தூரம் போகிற காற்று, பத்துப் பெட்டி தாண்டிப் போகாதா?

1869 ஏப்ரலில் ஏர் பிரேக்குக்குப் பேட்டன்ட் வாங்கியபோது அவருக்கு வயது 22. (இனிமேல் 'அவர்' என்றே சொல்லிவிடலாம். பேட்டன்ட் வாங்கிவிட்டாரே!) முதல் வெள்ளோட்டத்திலேயே ஒரு குதிரை வண்டி தண்டவாளத்தில் குறுக்கே வந்ததாகவும், டிரைவர் வால்வைத் திருப்ப, சில அடி தூரத்தில் ரயில் நின்றதாகவும் ஒரு கதை சொல்வார்கள். ரயிலுக்குள் இருந்த பிரமுகர்கள் ஸீட்டிலிருந்து எகிறி விழுந்தார்களாம். வேறு விளம்பரமே தேவைப்பட்டிருக்காது. அதே வருஷம் பிட்ஸ்பர்க்கில் கம்பெனி ஆரம்பித்தாகிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத மாட்டேன். ஏனென்றால், அந்த முதல் பிரேக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

இன்ஜினில் ஒரு கம்ப்ரஸர், ஒரு டேங்க். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று குழாய் வழியே ஓடி, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் இருக்கும் சிலிண்டருக்குள் புகுந்து, பிரேக் கட்டையைத் தள்ளும். எளிமைதான். ஆனால், நடுவில் ஒரு ஹோஸ் பிய்ந்துவிட்டால்? காற்று வெளியே போய்விடும். மொத்த ரயிலுக்கும் பிரேக் கிடையாது. ரயில் நடுவில் அறுந்து, பின்பாதி தனியாகக் கழன்றுகொண்டால்? அதற்கும் கிடையாது. அதாவது, ஆபத்து வருகிற அதே நொடியில் பிரேக்கும் காணாமல் போகும்! மழை வந்தவுடன் மடங்கிக்கொள்ளும் குடை மாதிரி.

வெஸ்டிங்ஹவுஸ் இதற்குக் கண்டுபிடித்த விடை, என்னைப் பொறுத்தவரை பிரேக்கைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. 1872-ல் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். காற்று வந்தால் பிரேக் பிடிக்கும் என்று இருந்ததை, காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், காற்று போனால் பிடிக்கும் என்று மாற்றினார்!

எப்படி? நான் பி.காம் படித்தவன். இன்ஜினீயர்கள் மன்னிக்கவும், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஹெட் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு பிராஞ்சுக்கும் முன்கூட்டியே கொஞ்சம் பணம் கொடுத்து வைப்பார்கள் இல்லையா? பெட்டி கேஷ். வெஸ்டிங்ஹவுஸ் செய்தது அதுதான். நிஜமாகவே, பெட்டிக்குப் பெட்டி கேஷ்! ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு தனி டேங்க் வைத்தார். ரயில் ஓடும்போது, குழாயில் எப்போதும் நிறைந்திருக்கும் காற்று, இந்த டேங்குகளை நிரப்பி வைக்கும். கூடவே, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வால்வு. அது பிராஞ்ச் மானேஜர். அவருக்கு ஒரே ஓர் உத்தரவு: 'ஹெட் ஆபீஸ் லைனில் அழுத்தம் குறைந்தால், காரணம் கேட்காதே. கையில் இருப்பதை எடுத்து பிரேக்குக்குக் கொடு!' 

டிரைவர் வேண்டுமென்றே குழாயில் காற்றைக் குறைத்தாலும் பிரேக் பிடிக்கும். ஹோஸ் வெடித்தாலும் பிடிக்கும். ரயில் இரண்டாக அறுந்தால், இரண்டு துண்டும் தனித்தனியே நிற்கும். மறுபடி குழாயில் காற்று ஏறினால்தான் பிரேக் விடும், டேங்கும் நிரம்பும். காலி செய்தல், நிரப்புதல், பிடித்தல் என மூன்று வேலை செய்வதால் அதற்கு 'ட்ரிபிள் வால்வு' என்று பெயர்.

ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? டிரைவருக்கு மணி அடிக்கிறது என்று சின்ன வயசில் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சங்கிலி ஒரு வால்வைத் திறக்கிறது. அவ்வளவுதான். குழாயிலிருந்து காற்று 'புஸ்'ஸென்று வெளியேறுகிறது. அழுத்தம் இறங்குவது டிரைவரின் மீட்டரில் தெரிகிறது, பிரேக்கும் பிடிக்கத் தொடங்குகிறது. ஐந்நூறு டன் ரயிலை உங்கள் கை நிறுத்தவில்லை. அந்தந்தப் பெட்டியில் முன்னாடியே சேர்த்து வைத்த காற்று நிறுத்துகிறது.

* * *

நல்ல விஷயம்தானே, உடனே எல்லாரும் வாங்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ரயில்வே கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். பெட்டிக்கு இவ்வளவு, ஆயிரம் பெட்டிக்கு எவ்வளவு? பிரேக்மேன் செத்தால் எவ்வளவு? இரண்டாவது மலிவு. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன், அந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. அயோவா மாகாணத்து விவசாயி லோரன்ஸோ காஃபின் என்பவர், ஒரு பிரேக்மேனின் விரல்கள் நசுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பல வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். கம்பெனிகள் அவரைக் கிறுக்கன் என்றன.

கம்பெனிகளிடம் ஒரு நியாயமான வாதமும் இருந்தது. சரக்கு ரயில் ரொம்ப நீளம். 1886-ல் பர்லிங்டனில் 50 பெட்டிகளைக் கோத்துச் சோதனை செய்தார்கள். முன் பெட்டிகள் பிடித்துவிட்டன. செய்தி பின்னால் போய்ச் சேருவதற்குள் கடைசிப் பெட்டிகள் வந்து 'தடால்' என்று மோதின. உள்ளே இருந்தவர்கள் உருண்டார்கள். வெஸ்டிங்ஹவுஸ் மனுஷன் சளைக்கவில்லை. ஒவ்வொரு வால்வும் தானும் கொஞ்சம் காற்றை வெளியே விட்டு அடுத்த பெட்டிக்குச் செய்தியை வேகமாகக் கடத்துகிற மாதிரி மாற்றிக்கொண்டு 1887-ல் திரும்பி வந்தார். ஜெயித்தார். 1893 மார்ச்சில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்துப் போட, ரயில்களில் ஏர் பிரேக்கும், தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளிங்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பிரேக்மேன்கள் ஒருவழியாகக் கூரையிலிருந்து கீழே இறங்கினார்கள்.

பிரிட்டனில் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை...

1889 ஜூன் 12. அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில், அர்மா என்ற ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு இன்பச் சுற்றுலா அழைத்துப் போகும் ரயில். 15 பெட்டிகள், சுமார் 940 பேர். டிக்கெட் இல்லாதவர்கள் ஏறிவிடக் கூடாது என்று கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். மேட்டில் ஏற முடியாமல் ரயில் நின்றுவிட்டது. பாதிப் பாதியாக மேலே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்து, பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளைக் கழற்றினார்கள். 

அந்த ரயிலில் இருந்தது வேக்குவம் பிரேக். காற்றை உறிஞ்சி வேலை செய்வது. ஆனால், வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் செய்த தப்பான ஜாதி. உறிஞ்சினால்தான் பிடிக்கும், குழாய் பிரிந்தால் விட்டுவிடும். கழற்றிய உடனே பத்துப் பெட்டிக்கும் பிரேக் போயிற்று. கடைசிப் பெட்டியின் ஒரே ஒரு கை பிரேக். சக்கரங்களுக்கு அடியில் சில கற்கள். இவ்வளவுதான் அத்தனை பிள்ளைகளையும் சரிவில் தாங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் கிளம்பும்போது ஒரு நூல் பின்னால் நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டியும் உருள ஆரம்பித்து, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரயிலில் போய் மோதியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் குழந்தைகள்.

சில வாரங்களில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. பயணிகள் ரயில் எதுவானாலும், தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் இல்லாமல் ஓடக் கூடாது. பிரிட்டிஷார் பெரும்பாலும் வேக்குவத்தையே, ஆனால் தலைகீழாக்கிய வேக்குவத்தை, வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மூலமாக அது இந்தியாவுக்கும் வந்தது. நம் ரயில்கள் 1980-களில் தொடங்கி மெள்ள மெள்ள ஏர் பிரேக்குக்கு மாறின. வேக்குவத்தின் கஷ்டம் என்ன? வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அதற்குப் பலம் கிடையாது. சதுர அங்குலத்துக்குப் பதினாலே முக்கால் பவுண்டுக்குக் கீழேதான். இன்றைய ஏர் பிரேக் குழாயில் இருப்பது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நீளமான சரக்கு ரயிலுக்கு எது தேவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பிரச்னை தீர்ந்தது. காற்று போனால் வண்டி நிற்கும். இனி யார் சாக முடியும்?

பிரேக் தப்பு செய்யாது. பழுது பார்க்கிறவர்கள்?

* * *

1988 ஜூன் 27, பாரிஸ். சாயங்கால நேரம். மெலன் என்ற ஊரிலிருந்து ஒரு புறநகர் ரயில் பாரிஸின் 'கார் த லியோன்' ஸ்டேஷனை நோக்கி வருகிறது. கோடைக்கால டைம்டேபிள் மாறி, நடுவில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நிற்காது என்று ஆகியிருந்தது. தெரியாமல் ஏறிவிட்ட ஒரு பெண், தன் ஸ்டேஷன் கடந்து போவதைப் பார்த்துவிட்டு அபாயக் கைப்பிடியை இழுத்தார். ரயில் நின்றது. இறங்கிப் போய்விட்டார். 

டிரைவர் இறங்கி வந்து அந்தக் கைப்பிடியைப் பழைய நிலைக்குத் திருப்ப முயன்றார். அது முரண்டு பிடித்தது. அந்த மல்லுக்கட்டில் தெரியாமல் வேறொன்றைச் செய்துவிட்டார். முதல் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் நடுவே இருக்கும் பிரேக் குழாயின் வால்வை மூடிவிட்டார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். இன்ஜின் அனுப்பும் காற்று முதல் பெட்டியோடு நின்றுபோகிறது. பின் பெட்டிகளுக்குக் காற்று போகவில்லை. எனவே அவை, 1872-ன் உத்தரவுப்படி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கின்றன. பிரேக் தன் கடமையைத்தான் செய்கிறது! 'எனக்கு மேலிடத்துத் தொடர்பு இல்லை. நான் நகர மாட்டேன்' என்கிறது. 

டிரைவரோ வேறு மாதிரி புரிந்துகொண்டார். மீட்டரைப் பார்த்தார். அழுத்தம் சரியாக இருக்கிறது. (இருக்காதா பின்னே? மீட்டர் இருப்பது மூடிய வால்வுக்கு இந்தப் பக்கம்!) அப்படியானால் பின் பெட்டிகளில் காற்று எங்கோ சிக்கிக்கொண்டு பிரேக்கை விடாமல் வைத்திருக்கிறது என்று முடிவு கட்டினார். கார்டும் அவருமாகப் பெட்டி பெட்டியாகப் போய், பிரேக்கில் இருந்த காற்றைத் திறந்துவிட்டார்கள். புஸ்... புஸ்... புஸ்...

பிரேக் விட்டது. ரயில் நகர்ந்தது. பழுது சரியாகிவிட்டது!

அவர்கள் திறந்துவிட்டது எதை என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பெட்டி கேஷ். ஒவ்வொரு பெட்டியும் ஆபத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த காற்று. இனி முதல் பெட்டியைத் தவிர எதற்கும் பிரேக் இல்லை. இது டிரைவருக்குத் தெரியாது. ரயில் ஏற்கெனவே 26 நிமிஷம் லேட். கட்டுப்பாட்டு அறை, நல்ல எண்ணத்தில், 'நடு ஸ்டேஷனில் நிற்காமல் நேரே வந்துவிடு' என்றது. அங்கே நிறுத்த முயன்றிருந்தாலாவது குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பாரிஸுக்குள் நுழையும் பாதை சரிவு. பிரேக்கைப் போட்டார். ரயில் கண்டுகொள்ளவே இல்லை. ரேடியோவில் அலறினார். பதற்றத்தில், தான் யார், எந்த ரயில் என்று சொல்ல மறந்துவிட்டார். ஓடிப்போய்ப் பயணிகளைப் பின் பெட்டிகளுக்குத் துரத்தினார். ஸ்டேஷன்காரர்களோ எந்த ரயில் என்று தெரியாததால், விதிப்படி எல்லா சிக்னலையும் சிவப்பாக்கினார்கள். அதனால், இந்த ரயிலுக்கென்று காலியான பிளாட்பாரத்துக்கு முன்பே போட்டு வைத்திருந்த பாதை ரத்தாகி, ரயில் வேறு பிளாட்பாரத்தை நோக்கித் திரும்பியது. அங்கே, கார்டு வரத் தாமதமானதால் கிளம்பாமல் நின்றிருந்தது ஒரு ரயில். நிறையக் கூட்டம். அதன் டிரைவர் ஒலிபெருக்கியில் 'இறங்குங்கள், இறங்குங்கள்' என்று கடைசி நொடி வரை கத்திக்கொண்டே தன் இடத்தில் இருந்தார். மோதலில் 56 பேர் இறந்தார்கள். அவரும் ஒருவர். 

வந்த ரயிலின் டிரைவர் பிழைத்தார். கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. அவரைத் திட்டுவது சுலபம். வாசகர்களே, ஒரு மாலை நேரம், ரயில் முழுக்க முணுமுணுக்கும் ஜனம், கடிகாரம் ஓடுகிறது, மீட்டர் சரி என்கிறது, பிரேக் மட்டும் விட மறுக்கிறது. நீங்களும் நானும் என்ன நினைத்திருப்போம்? 'சனியன் பிடிச்ச பிரேக்' என்றுதானே?

இதற்கு நேர் எதிராக இன்னொன்று. 2013 ஜூலை. கனடாவின் க்யூபெக் மாகாணம். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டாங்கர் பெட்டிகள் கொண்ட ரயிலை, ஒரே ஓர் ஊழியர் சரிவான பாதையில் நிறுத்திவிட்டு ராத்திரி தங்கப் போனார். முன் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, கம்ப்ரஸருக்காக. ஏழு கை பிரேக்குகளைத் திருகியிருந்தார். போதாது. போதுமா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால், இன்ஜின்களின் ஏர் பிரேக்கை எடுக்காமலே சோதித்தார். எனவே ரயில் அசையவில்லை. தாங்குவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்ஜின்களுக்கு மட்டுமான அந்த பிரேக் எந்த ஜாதி தெரியுமா? காற்று இருந்தால் பிடிக்கும், போனால் விட்டுவிடும். 1869 ஜாதி! பெட்டிகளின் தானியங்கி பிரேக்கை அவர் போடவில்லை. நள்ளிரவு நெருங்கும்போது இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து, அணைத்து, இன்ஜினையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். கம்ப்ரஸர் நின்றது. காற்று மெள்ள மெள்ளக் கசிந்தது. சடாரென்று போயிருந்தால் பெட்டிகளின் வால்வு விழித்துக்கொண்டிருக்கும். இது கொசு கடிப்பது மாதிரி, அதன் கவனத்துக்கே வராத மெதுவான கசிவு. ஒரு மணிக்குச் சற்று முன் ரயில் தானாக நகர்ந்தது. சுமார் 11 கிலோமீட்டர் கீழே லாக் மெகான்டிக் என்ற சிற்றூர். அங்கே கவிழ்ந்து, வெடித்து, ஊரின் நடுப்பகுதியை எரித்தது. 47 பேர்.

இரண்டு விபத்துகளுக்கும் ஒரே கேள்விதான் கேட்கப்படாமல் போயிற்று. இந்த வண்டியை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது எது?

* * *

சரி, மலைப்பாதையில் நிறுத்திவிட்டு வந்த அந்தத் தம்பதியிடம் போவோம். பாவம், ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள்.

பெரிய மோட்டார் ஹோமில் இருப்பது நம்ம ஊர் லாரியில் இருக்கிற அதே ஏர் பிரேக். இதில் வெஸ்டிங்ஹவுஸின் தலைகீழ் யோசனை வேறு உருவத்தில் இருக்கிறது. பின்சக்கரங்களில் வலுவான ஸ்பிரிங். அது எந்நேரமும் பிரேக்கைப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருக்கும். காற்றுதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. காலையில் லாரி டிரைவர்கள் இன்ஜினை ஓடவிட்டு, டீ குடித்தபடி 'ஏர் ஏறட்டும்' என்று காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஏறாமல் ஸ்பிரிங் விடாது. அமெரிக்க விதிப்படி, 60 பவுண்டுக்குக் கீழே இறங்கும் முன் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். இன்னும் இறங்கி, 20-லிருந்து 45-க்குள் வரும்போது ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும். (அந்த ஸ்பிரிங் இருக்கிற டப்பாவை மட்டும் யாரும் திறந்து பார்க்காதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் சீறி வெளிவந்து ஆளைக் கொன்றிருக்கிறது.)

பின்னால் வரும் காரின் கதை வேறு. அதன் இன்ஜின் ஓடவில்லை, உள்ளே ஆளும் இல்லை. எனவே பஸ்ஸின் காற்றை ஹோஸ் வழியே கொண்டுபோய், ஒரு சின்ன சிலிண்டரால் காரின் பிரேக் பெடலை அமுக்குகிறார்கள். பஸ் டிரைவர் பிரேக் போட்டால் கார் பெடலும் இறங்கும். காற்று வந்தால் பிடிக்கும்... ஞாபகம் வருகிறதா? அதே 1869! அதனால்தான் கூடவே காருக்குள் ஒரு குட்டி டேங்கும், பஸ்ஸோடு கயிறால் கட்டிய ஒரு பின்னும் வைக்கிறார்கள். கார் கழன்று ஓடினால் கயிறு பின்னைப் பிடுங்கும், டேங்கின் காற்று பெடலை அமுக்கும், கார் நிற்கும். இது 1872. மூன்று வருஷ சரித்திரம் ஒரு காருக்குள்!

கணவர் ஹோஸைக் கழற்றலாம்தான். ஓட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. முதலில் சமதரைக்குக் கொண்டுபோய், சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. கழற்றியதும் காரின் பிரேக் விட்டுவிட்டால், பஸ் பெடலை மிதிக்காதபோதும் எங்கிருந்தோ காற்று வருகிறது என்று அர்த்தம். கோளாறு பஸ்ஸின் வால்வில். கழற்றியும் விடவில்லையா? கோளாறு காருக்குள். பின் பாதி பிடுங்கியிருக்கலாம். சிலிண்டரைப் பெடலில் கொஞ்சம் இறுக்கமாகப் பொருத்தியிருக்கலாம். சிரிக்காதீர்கள், காரின் ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்திருக்கலாம்.

பிறகு கசிவு. பஸ் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் மீட்டரையே பார்க்க வேண்டும். கனரக லைசென்ஸ் பரீட்சைக்கு அங்கே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பின்னால் இழுவை வண்டி இருந்தால், பெடலை மிதிக்காதபோது நிமிஷத்துக்கு 3 பவுண்டு, மிதித்தபடி 4 பவுண்டு. அதற்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. எங்கே என்று கண்டுபிடிக்க இன்று வரை சோப்புத் தண்ணீருக்கு இணையான கருவி கிடையாது. நம்ம ஊர் பங்க்சர் கடையில் செய்வதுதான். டேங்க்கின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். அது வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும், குளிர் நாட்டில் குழாயை ஐஸாக அடைக்கும்.

எல்லாம் பார்த்தபிறகும் காரணம் தெரியவில்லையென்றால், ஹோஸைக் கழற்றிப்போட்டு மலை இறங்குவதைவிட வேறு வழி இருக்கிறது. இது ரயில் பெட்டி இல்லையே! காரை பஸ்ஸிலிருந்து கழற்றி, பெடலிலிருந்து சிலிண்டரை எடுத்து, பிரேக் ஆறியதும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வரலாம்.